முதலாளிக்குத் தடவிய க்ரீம்

எங்கள் அக்காவுக்குத் தெருவில் பெயர் க்ரீம் அக்கா. பார்லர் நடத்துகிறாள். புருவம் எடுப்பாள், முடி வெட்டுவாள். ஆனால் பெயர் வாங்கிக்கொடுத்தது, அவளே வீட்டில் கிண்டிச் சின்ன டப்பாக்களில் அடைத்து விற்கும் ரோஜா வாசனை க்ரீம்தான். முகம் வறண்டாலும் க்ரீம், கால் வெடித்தாலும் க்ரீம், கொசு கடித்தாலும் க்ரீம். ஒருத்தன் என்னைக் கழற்றிவிட்டான் என்று நான் தேம்பித் தேம்பி அழுதபோதுகூட, மூஞ்சியில் கொஞ்சம் தடவிக்கொள்ளச் சொன்னாள். நான் அவளிடம்தான் வேலை பார்க்கிறேன். அதனால் க்ரீமைப் பற்றி இதற்குமேல் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. மழை பெய்தால் லிஃப்ட் குழிகளில் தண்ணீர் தேங்கும். அப்படி ஒரு குழியில் மேலே ஏற முடியாமல் தவித்துக்கொண்டிருந்த தேரையைத்தான் ஸ்பானர் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, அடுத்தவன் கொண்டுவருவதைத் தின்கிறது என்று அதற்கு முதலாளி என்று பெயர் வைத்தார். பால்கனியில் ஒரு பழைய தொட்டி, அதில் ஈரமண், ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டி. வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் குந்திவிடுவார். எந்தக் கட்டடத்தில் கதவு சிக்கியது, உள்ளே மாட்டிக்கொண்டு யார் கத்தினார் என்று எங்களிடம் சொல்லாத கதையெல்லாம் அதனிடம் சொல்வார். அக்கா அருவருப்பு என்று முகத்தைச் சுளிப்பாள். அது அருவருப்பு இல்லை, பொறாமை.

மாமா வெளியூர் வேலைக்குப் போனபோதுதான் வினை வந்தது. தொட்டியை அக்கா பொறுப்பில் விட்டுப் போயிருந்தார். ஒருநாள் காலையில் அவள் எட்டிப் பார்த்தால், முதலாளி முதுகைக் கூனிக்கொண்டு வாயை வாயைத் திறக்கிறது. உடம்பெல்லாம் தோல் மெல்லிய சவ்வாக உரிகிறது. வேறு யாராக இருந்தாலும் பயந்துபோய் நாலு பேரிடம் கேட்டிருப்பார்கள். அக்காவுக்குத் தோல் உரிந்தால் என்ன செய்வது என்று தெரியுமே. கையுறை மாட்டிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை, வயிற்றையும் விடாமல் தாராளமாகத் தடவிவிட்டாள். அவர் வந்து பார்த்தால் அசந்துவிடுவார், அப்படிப் பளபளக்கிறது என்று மத்தியானம் என்னிடம் பெருமை வேறு.

மாமா திரும்பி வந்தபோது முதலாளி பின்னங்கால்களை நீட்டிப்போட்டுத் துவண்டு கிடந்தது. வயிறு சிவந்திருந்தது. புழுவை வாய்க்கு நேராகக் காட்டியும் அசையவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"நீங்க கண்ட எடத்துலேர்ந்து புடிச்சிட்டு வர்ற பூச்சியில என்ன விஷம் இருந்துச்சோ" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மாமா பூச்சி சேர்த்துவைத்திருந்த பாட்டிலை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்து, தொட்டி அருகில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அக்கா அடுக்களைக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் முதலாளியைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, மிருக டாக்டரிடம் கொண்டுபோனோம். வெளியே பெஞ்சில் எங்கள் தெரு டீச்சரம்மா, மடியில் பூனையோடு. அக்காவின் மாதாந்தர வாடிக்கை. அவர் காதில் ஒன்று விழுந்தால் தெருவே கேட்ட மாதிரி. டாக்டர் தேரையைத் தூக்கிப் புரட்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுக்கு யாரு க்ரீம் தடவினது?"

கதவு திறந்தே இருந்தது. டீச்சரம்மா பூனையைத் தடவுவதை நிறுத்திவிட்டார். அக்கா வாசல் பக்கம் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நான்தான் டாக்டர்" என்றார் மாமா.

டாக்டர் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். தேரை தோல் உரிப்பது நோயே இல்லை. அவ்வப்போது உரிக்கும், உரித்ததைத் தானே தின்றும்விடும். அது தண்ணீர் குடிப்பதே தோல் வழியாகத்தான், பாதி மூச்சும் தோலில்தான். அதன்மேல் போய் எண்ணெய்ப் பிசுக்கை அப்புவதா, வயசுக்கேற்ற புத்தி வேண்டாமா என்றார். மாமா தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். அக்கா டப்பாவின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். திரும்பும் வழியில் மாமா அவளை ஒன்றும் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு முதலாளிக்குச் செவிலித்தாய் அக்காதான். குளோரின் போக முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரைத் தட்டில் ஊற்றி, சோப்பு படாத ஈரக்கையால் அதைத் தூக்கி உட்காரவைப்பாள். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுவாள். கையுறை போன இடம் தெரியவில்லை. அருவருப்பும்தான். மெல்ல வயிற்றின் சிவப்பு குறைந்தது. கால்களை மடக்கி உட்கார்ந்தது. ஒருநாள் மாமா நீட்டிய புழுவை லபக்கென்று பிடித்தபோது மாமா சிரித்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலாளி தேறியது, மாமா பெயர் கெட்டது. தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம், எங்கள் வீட்டு நாய்க்கும் ஒரு ஃபேஷியல் பண்ணிவிடுங்களேன் என்றான். லிஃப்டுக்குள் தலையை விட்டு வேலை பார்க்கும்போதும் கூட வேலை செய்கிறவர்கள் விடவில்லை. மாமா அசடு வழியச் சிரித்துவைப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா கூனிக் குறுகிப்போவாள். பார்லரில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் சட்டென்று புருவம் எடுக்கும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு யார் புருவத்திலாவது குனிந்துவிடுவாள். வாயில் நூல் இருந்தால் பேச வேண்டியதில்லை, பாருங்கள். ரொம்ப வசதி.

டீச்சரம்மா புருவம் எடுக்க வந்தார். ஒரு பக்கம் முடிந்து, அக்கா அடுத்த பக்கம் குனிந்தபோது, கண்ணை மூடிக்கொண்டே ஆரம்பித்தார்.

"உன் வீட்டுக்காரர் தங்கமானவர்தான். ஆனா மேல்மாடி கொஞ்சம் காலி. அந்த வாயில்லாத ஜீவன் என்ன பாடு பட்டிருக்கும்?"

காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன். அக்கா நிமிர்ந்தாள். பல்லில் இருந்த நூலை எடுத்தாள்.

"தடவினது நான். அவரு ஊர்லயே இல்ல. டாக்டர் கேட்டப்ப நீங்க வெளிய இருந்தீங்கன்னு நான் வாயத் தொறக்கல. அவரு பழிய வாங்கிக்கிட்டாரு."

சிரிப்பு நின்றது. டீச்சரம்மாவின் பார்வை அலமாரியில் அடுக்கியிருந்த டப்பாக்கள் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு, இந்தப் புருவத்தையாவது முடித்துவிடு என்றார். அந்தப் புருவம் மட்டும் கொஞ்சம் கோணலாகத்தான் போனது.

சாயங்காலம் மாமா வழக்கம்போலத் தொட்டி முன்னால் குந்தியிருந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்றாள்.

"அடிப்பாவி, அவ்ளோ திட்டு வாங்கினதெல்லாம் வீணாப்போச்சே" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள்.

"டப்பாவுல எடுத்து வெக்கும்போதே உன் க்ரீம் வாசனை அடிச்சுதே."

"அப்பவே ஏன் கேக்கல?"

மாமா புழுவைத் தேடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார்.