ஆத்தாளுக்கு நான் ஒளித்துக் கொண்டுபோன மாலை

விமானம் மேலே ஏறவில்லை. கேப்டன் கைப்பிடியை இழுக்கிறார், அது அசையவில்லை. எதிரே தென்னை மரங்கள். காரணம் நான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆத்தாளின் பிள்ளைகளே, அந்த நிமிஷத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

நான் பெங்களூர் ஜீவனஹள்ளியில் பூ கட்டுகிறவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. பேச்சு மட்டும் நிற்காது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். எங்கள் தெரு மாரியம்மன் தேர்மேல் வானத்திலிருந்து பூத் தூவுவதாக, சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருந்த ஒரு கேப்டன் வேண்டிக்கொண்டிருந்தார். கூட உட்கார்ந்து தூவ ஆள் கேட்டார்கள். சைக்கிளில் இருந்தே விழுகிறவன் நான், முதலில் கை தூக்கினேன்.

கேப்டன் கன்னடக்காரர், தமிழும் பேசுவார், யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். "உதிரிப் பூ மட்டும் போடு குரு. நாரு, மாலை எதுவும் வேண்டாம். வாலுல மாட்டினா நாம காலி" என்று ஏறும் முன்பே சொன்னார். தலையை ஆட்டினேன். ஆனால் ஆத்தாளுக்கு வெறும் உதிரியா? பூ கட்டுகிறவன் புத்தி கேட்கவில்லை. பத்து முழச் சாமந்திச் சரத்தைப் பூக் கோணியின் அடியில் ஒளித்திருந்தேன்.

முதல் சுற்றில் தூவிய பூவெல்லாம் காற்றில் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. இன்னும் கீழே போகச் சொல்லி நான்தான் நச்சரித்தேன். ஜனங்களின் முகம் தெரியும் அளவுக்கு இறங்கினார். கதவைக் கழற்றியிருந்த பக்கமாகச் சரத்தை வீசினேன். அது தேருக்குப் போகவில்லை. பின்னால் பறந்து, வாலில் ஏறி இறங்கும் தகட்டின் இடுக்கில் சிக்கிக்கொண்டது.

உயரத்தில் என்றால் யோசிக்க நேரம் இருந்திருக்கும். எங்களுக்குக் கீழே இருந்தது ஓட்டு வீடுகளும், தேரோடு நடந்துவந்த என் பெண்டாட்டி செல்வியும்தான். ஆத்தா, உயிரை அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் என் வாயைத் திற என்று வேண்டினேன். திறந்தது.

"சார், மாலை போட்டுட்டேன். வாலுல மாட்டியிருக்கு. நான்தான் சார்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாரா, நூலா?"

"வாழை நாரு."

இழுப்பதை விட்டார். கைப்பிடியை முன்னால் தள்ளினார். இன்னும் கீழே போனோம். ஒரு வீட்டு மாடியில் காய்ந்த புடவையின் பூ டிசைன் எனக்குத் தெரிந்தது. அப்போது வெடுக்கென்று பின்னால் இழுத்தார். நார் அறுந்தது, விமானத்தின் மூக்கு மேலே எழும்பியது. தென்னை மட்டை சக்கரத்தில் உரசிய சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

இறங்கியதும், வாலில் மிச்சமிருந்த அறுந்த நாரை எடுத்து என் கையில் வைத்தார். "மறைச்சதுக்கு உன்னை அடிக்கணும். சொன்னதுக்காக விடுறேன்."

வீட்டில் செல்வி அந்த நாரைக் கிள்ளிப் பார்த்தாள். மொடமொடவென்று உடைந்தது. நாரை நனைத்துக் கட்டு என்று தினமும் திட்டுகிறவள் அவள். "இன்னிக்கும் நனைக்கலையா நீ?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

நனைத்திருந்தால் அறுந்திருக்காது. என் சோம்பேறித்தனத்தைக்கூட ஆத்தா வேலைக்கு எடுத்துக்கொண்டாள்.

இப்போது நாரை நனைக்கிறேன். தப்பு செய்தால் அப்போதே சொல்லிவிடுகிறேன். தப்பு நிறைய, அதனால் நாள் முழுக்கப் பேச்சுதான். நீங்களும் கோணிக்கு அடியில் எதையாவது வைத்திருந்தால் ஆத்தாளிடம் கேளுங்கள், உங்கள் வாயைத் திறந்துவிடுவாள். திறந்ததும் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

வருஷா வருஷம் தேருக்குப் பத்து முழம் கட்டுகிறேன். நடந்துபோய்த்தான் சாத்துகிறேன்.