மாடி வீட்டு அக்காவின் ஞாபகமறதி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் நடந்தது இது. பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு பழைய பெரிய வீட்டைத் தடுத்துப் பிரித்த காம்பவுண்டில், கீழ் போர்ஷனில் நாங்கள் குடியிருக்கிறோம். அப்போது என் மகளுக்கு மூன்று வயது.

அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. முந்திரி, பாதாமும் ஆகாது. ஒன்றரை வயதில் ஒரு விசேஷ வீட்டில் யாரோ விரலில் தொட்டுக் கொடுத்த கடலைச் சட்னியால் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, கையில் துவண்டுபோனாள். சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தாள். டாக்டர் இரண்டு விஷயங்கள் சொன்னார். அவசர மருந்துப் பை எப்போதும் கூடவே இருக்க வேண்டும். சுற்றியிருக்கிற எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லி வைக்க வேண்டும்.

முதலாவதை நான் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இரண்டாவதைச் செய்யவே இல்லை.

காரணம் இல்லாமல் இல்லை. விஷயம் தெரிந்த என் கணவரின் பெரியம்மா, "அந்தக் காலத்துல இதெல்லாம் எங்க இருந்துச்சு? கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்" என்றார். ரிடையர்டு டீச்சரான அவரே இப்படிச் சொன்னால், நாலு பேருக்குத் தெரிந்தால் நாலு பேரும் சோதித்துப் பார்ப்பார்களே என்று நடுங்கிப்போனேன். பார்த்துக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியை வேலையை விட்டேன். கணவர் சமைத்தால்கூட மளிகைப் பாக்கெட்டுகளை நான் மறுபடி எடுத்துப் படிப்பேன். அவர் வருத்தப்படுவது தெரியும். ஆனாலும் என்னால் நிறுத்த முடியவில்லை.

டிசம்பர் வந்தால் என் பயம் கூடும். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் என்றால் தட்டு மாற்றுவது இருக்கும். மைதா மாவை முள்கரண்டியில் அழுத்திச் சுருட்டிப் பொரிக்கிற கல்கல், அச்சு முறுக்கு, கேக் எல்லாம் ஒரு தட்டில் வைத்து, மேலே துணி போட்டு மூடி, வீடு வீடாக அனுப்புவார்கள். எந்த மதத்துக்காரர் வீடானாலும் போகும். நான் தட்டைச் சிரித்தபடி வாங்கி, கணவரின் ஆபீசுக்கு அப்படியே கொடுத்தனுப்பிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். குழந்தையை ஏன் மாடி வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று கேட்டால், வயிறு சரியில்லை என்பேன். டிசம்பர் முழுவதும் ஒரு குழந்தைக்கு வயிறு சரியில்லாமல் இருக்குமா என்று யாராவது நினைத்திருப்பார்கள். கேட்டதில்லை. எனக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டது மட்டும் காதில் விழுந்தது.

மாடி வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒரு அச்சகத்தில் வேலை. ஸ்கூட்டர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். மாடியில் பால் பொங்கித் தீயும் வாசனை வந்தால், கீழேயிருந்து யாராவது குரல் கொடுக்க வேண்டும். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவார், நான் போய்ச் சாத்துவேன். நல்ல மனுஷி, சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஆனால் உலகத்தில் எல்லோரிடமும் குழந்தையை விட்டுவிட்டு, கடைசியாகத்தான் இவரிடம் விடுவேன் என்று கணவரிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை எனக்கு வயிற்றின் வலப்பக்கம் வலித்தது. முதல் நாளே லேசாக இருந்ததைச் சமாளித்துக்கொண்டிருந்தேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டேன். வாந்தி, குளிர் நடுக்கம். கணவர் ஆட்டோ பிடித்து வந்தார். என் அம்மா ஆம்பூரில், முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில். மாமனார், மாமியார் இல்லை. குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கணவர் மாடிப்படியில் நின்று அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா மாவுக் கையோடு இறங்கி வந்தார். அன்று அவர் வீட்டில் கல்கல் போடுகிற நாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கூடத்தில் நியூஸ்பேப்பர் விரித்து, ஆளுக்கொரு முள்கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். கேக்குக்காக முந்திரி வறுபடும் வாசனை படிவரைக்கும் வந்தது. ஊரிலேயே என் மகள் போகக்கூடாத வீடு ஒன்று உண்டென்றால், அன்றைக்கு அது இந்த வீடுதான்.

வேறு வழியில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் மறைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். கடலை, முந்திரி, பாதாம் எதுவும் ஆகாது, அதைத் தொட்ட கை பட்டால்கூட ஆபத்து, உதடு வீங்கினால் இந்தப் பை, உடனே ஆஸ்பத்திரி.

"நில்லு, நில்லு. திரும்பச் சொல்லு. நான் மறந்துடுவேன்" என்றார் அக்கா.

எனக்கு உயிரே போயிற்று. அக்கா அத்தோடு விடவில்லை. மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்து எல்லோரையும் கீழே வரச் சொன்னார். பின் வீட்டுக் கன்னட ஆண்ட்டியையும் கூப்பிட்டார். நான் மறுபடி சொன்னேன். அக்கா அதை ஆண்ட்டிக்குக் கன்னடத்தில் சொன்னார். பையைத் திறந்து, எந்த மருந்து முதலில், எப்படி என்று கணவரைக் காட்டச் சொல்லி, தானும் ஒரு முறை செய்து காட்டினார். பிறகு என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வா, இங்க நாங்க இருக்கோம்" என்றார். அவள் அழவே இல்லை. அதுவும் எனக்கு வேதனையாக இருந்தது.

அப்பெண்டிக்ஸ் வெடிக்கும் நிலையில் இருக்கிறது என்று சொல்லி, உடனே ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போதுகூட அந்த 'மறந்துடுவேன்' என்ற சொல்தான் காதில் இருந்தது.

மதியம் கண் விழித்ததும் போன் கேட்டேன். அக்கா எடுத்தார், நன்றாக இருக்கிறாள் என்றார். சிறிது நேரத்தில் மறுபடி அழைத்தேன். அப்புறம் மறுபடியும். என்ன சாப்பிட்டாள், யார் ஊட்டினார்கள், எந்தக் கரண்டி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் வீடியோ காலில் காட்டச் சொன்னேன். பார்த்தால், அந்தப் பெண்கள் நடுவில் என் மகள், மூக்கில் மைதா மாவோடு, முள்கரண்டியின் முதுகில் மாவுருண்டையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். முந்திரி வறுத்த வீட்டில். நான் கத்தினேன், தையல் இழுத்தது.

அக்கா கோபப்படவில்லை. எல்லா முந்திரியும் நான் ஆட்டோ ஏறிய உடனே வெளியே போய்விட்டது, தரை துடைத்தாயிற்று, பாத்திரம் கழுவியாயிற்று, மாவு புதுப் பாக்கெட் என்றார். எண்ணெய் என்ன எண்ணெய் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. திரும்பி, "என்ன எண்ணெய்டி ஊத்தினீங்க?" என்று கேட்டார். ஒரே நேரத்தில் மூன்று குரல்கள், சன்ஃப்ளவர் என்றன.

"இங்க பாரு," என்றார் அக்கா. "நீ போன் பண்றப்பல்லாம் நான் பாப்பாவ விட்டுட்டு போனத்தான் பாக்கறேன். எதப் பாக்கணும்னு நீயே சொல்லு."

நான் திரையில் மகளைத் தேடினேன். அக்கா தொடர்ந்தார்.

"உன்ன மாதிரி எல்லாத்தையும் ஒருத்தியா ஞாபகம் வெச்சுக்க எனக்கு வராதும்மா. அடுப்புல பால் வெச்சதே மறந்து போறவ நான். அதான் வீட்டுக்குள்ள வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். நான் மறந்தா இன்னொருத்தி கத்துவா. அவ மறந்தா பின் வீட்டு ஆண்ட்டி கத்துவாங்க. நீ தூங்கு."

போனை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தேன். என் ஏற்பாட்டில் எல்லாமே என் ஒருத்தியின் கவனத்தில் நின்றது. நான் படுத்தால் முடிந்தது. அன்று காலை நான் படுத்தேன். அவருடைய ஏற்பாட்டில் யார் படுத்தாலும் மீதிப் பேர் விழித்திருப்பார்கள். தன்னால் மறக்காமல் இருக்க முடியாது என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிக்கொள்ள ஒருவரால் முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. மீண்டும் போனைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அப்புறம் கணவரிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தர வேண்டாம் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் நடந்ததைக் கணவர் வந்து சொன்னார். மாற்றுத் துணி எடுக்க அவர் எங்கள் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் பெரியம்மா வந்திருக்கிறார், பேத்தியைப் பார்க்க, கையில் முந்திரி பர்ஃபிப் பெட்டியோடு. கேட்டில் அக்கா நிறுத்தி, பெட்டியில் என்ன என்று கேட்டிருக்கிறார். பெரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆயிடாது. இவதான் ஓவரா பயந்து புள்ளய பொத்திப் பொத்தி வெச்சிருக்கா. நான் எத்தன புள்ளைங்கள வளத்தவ, எனக்குத் தெரியாதா?"

பெரியம்மாவை எதிர்த்து என் கணவர் ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. நானும் பேசியதில்லை. அவர் வருகிற நாட்களில் மகளைத் தூங்க வைத்துவிட்டு, தூங்குகிறாள் என்று பொய் சொல்வதுதான் என் வழி. கணவர் அன்றும் படியில் உறைந்துபோய் நின்றிருக்கிறார்.

அக்கா சிரித்தபடியே சொன்னாராம். "ஆகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியாது ஆண்ட்டி, நான் டாக்டரா? அவங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்கா. அவ திரும்பி வர்ற வரைக்கும் அவ சொன்னதுதான். நீங்க வாங்க, காபி குடிங்க, புள்ளயக் கொஞ்சுங்க. பெட்டி மட்டும் என் ஸ்கூட்டர் டிக்கில இருக்கட்டும்."

பெரியம்மா நகரவில்லை. அதற்குள் பின் வீட்டு ஆண்ட்டி வந்து பக்கத்தில் நின்றுவிட்டாராம், இடுப்பில் கை வைத்து. கடைசியில் என் கணவர் இறங்கி வந்து, பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்து மூடினார். "கை கழுவிட்டு வாங்க பெரியம்மா" என்று அவரே சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதை அக்கா அவருக்குக் காட்டியிருக்கிறார். நான் அந்த இடத்தைத் தராமலே வைத்திருந்தேன்.

யோசித்தால், அக்கா என் பேச்சை நம்பினார். சோதித்துப் பார்க்கவில்லை, கூட்டிச் சொல்லவில்லை, குறைக்கவில்லை. அவர் தந்த தட்டை ஆபீசுக்கு அனுப்பிக்கொண்டிருந்த என் பேச்சை.

வீடு திரும்பிய அன்று வாசலில் மகள் ஓடி வந்தாள். நான் குனிய முடியாமல் கையை நீட்டினேன். அவள் ஓரடி பின்வாங்கி, "அம்மா, மொதல்ல கை கழுவு" என்றாள். மாடியில் நின்றுகொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த வருடம் அக்கா வீட்டு கேக்கில் முந்திரி இல்லை. அக்டோபரிலிருந்து ரம்மில் ஊறிக்கொண்டிருந்த அவருடைய பழக் கலவையில் முந்திரி கலந்திருந்ததால், அதை ஜாடியோடு ஜீவனஹள்ளியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருக்கிறார். அக்காவின் கணவர், இது கேக்கா பன்னா என்று கேலி செய்துகொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டார். அக்கா என்னிடம் இதைச் சொல்லவில்லை, தங்கை சொல்லித்தான் தெரிந்தது. கேட்டபோது, "அடுத்த வருஷம் ஊறப்போட்டா போச்சு" என்றார். அடுத்த வருடமும் முந்திரி போடவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் என் மகள் முதல் முறையாகத் தட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நான் அவளைக் கதவுக்குள் வைத்துக் காப்பாற்றப் பார்த்தேன். இவர்கள் ஒவ்வொரு கதவையும் அவளுக்காகச் சரிசெய்து திறந்து வைத்திருந்தார்கள். பின்னாலேயே போக வேண்டும் என்று கால் துடித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மாடியில் அவள் சிரிப்பது கேட்டது. கேட்டுக்கொண்டே எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. பட்டப்பகலில் நான் அப்படித் தூங்கி வருடங்கள் ஆகியிருந்தன.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், நானும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். டீச்சரிடம், ஆயாம்மாவிடம், வேன் டிரைவரிடம் எல்லாம் வெட்கப்படாமல் சொல்லி, அவர்களையும் ஒரு முறை திரும்பச் சொல்லச் சொல்கிறேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றும் மதிய இடைவேளையில் போனைப் பார்ப்பேன். ஆனால் என் குழந்தையின் உயிரை என்னைப் போலவே மதிக்கிறவர்கள் என்னைச் சுற்றி இருக்கிறார்கள், நான் வாய் திறந்து கேட்பதற்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள் என்பது தெரிந்த பிறகு, அந்தப் பயத்தோடு வாழ முடிகிறது.