பத்து வேப்பமுத்து

என் சித்தி மகள் என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான்தான் ஒருநாளும் மறந்ததில்லை.

சித்தியும் சித்தப்பாவும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபோது, அவளையும் ஆறு ஆடுகளையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். "வருசம் ரெண்டு குட்டிய வித்தா இவ படிப்புக்கும் துணிமணிக்கும் ஆகும்க்கா. ஆடு இருக்குற வரைக்கும் இங்கயே இருந்து படிக்கட்டும். ஆடு போச்சுன்னா வந்து கூட்டிக்கிட்டுப் போயிர்றேன்" என்று சித்தி என் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஆடு எப்போது போகும் என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் நான் முதல் ரேங்க். அவள் பாஸ் ஆவதே பெரிய பாடு. ஆனால் வீட்டில் எதற்கெடுத்தாலும் அவள்தான். எந்தப் பொட்டலில் பிரண்டை படர்ந்திருக்கிறது, யார் கொல்லையில் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று அப்பாகூட அவளைத்தான் கேட்பார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவள் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தவளிடம் என் ஊரைப் பற்றி விசாரித்தால் எனக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் எங்கள் ஊருக்கு ஒரு ஜீப் வந்தது. திருவரங்குளத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது. ஜீப் வந்தாலே யார் வீட்டிலோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம். இறங்கியவர்கள் மூன்று பேர். அதில் கதர்ச் சேலை கட்டிய ஓர் அக்காதான் பேசினார். ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறார்களாம். ஊரோடு சேர்ந்து யோசித்து, இந்த வருடம் ஒரே ஒரு வேலையை எடுத்துச் செய்து தருவார்களாம்.

"நாங்க எதையும் சொல்லித்தர வரலைங்க. நீங்கதான் எங்களுக்குச் சொல்லித்தரணும்" என்றார் அந்த அக்கா.

"எங்கள்ட்ட படிக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று என் பெரியப்பா கேட்டார். கூட்டம் சிரித்தது. அந்த அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு, ஒரு பை நிறையக் கோலமாவை எடுத்து மாரியம்மன் கோயில் பொட்டலில் வைத்தார். ஊரைத் தரையில் வரைய வேண்டுமாம். யார் வேண்டுமானாலும் வரையலாம், வந்தவர்கள் மட்டும் மாவைத் தொடமாட்டார்கள்.

வார்டு மெம்பரான என் அப்பா என்னை முன்னால் தள்ளிவிட்டார். இந்திய வரைபடத்தைப் பார்க்காமலே போடுகிறவள் நான். முதலில் மூலையில் அம்புக்குறி போட்டு வடக்கு என்று எழுதினேன். பிறகு கோயில், பள்ளிக்கூடம், தார் ரோடு. எங்கள் வீட்டைக் கோயிலைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஊர் முடிந்துவிட்டது.

"ரொம்ப அழகா இருக்கும்மா. இந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"காடு."

"காட்டுல?"

"மரம்" என்றேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அந்தா நிக்கிதுல்ல, அந்தப் புள்ளைய விடுங்க. அது கால் படாத எடமில்ல" என்றார் பெரியப்பா. கூட்டத்தின் கடைசியில், ஆட்டுக்கு ஒடித்த வேப்பங்குழையைக் கையில் வைத்துக்கொண்டு என் சித்தி மகள் நின்றிருந்தாள்.

அவள் வடக்கு, தெற்கு எதுவும் எழுதவில்லை. நேராக நடுப் பொட்டலுக்குப் போய்க் குத்தவைத்து, முதலில் ஒரு வட்டம் போட்டாள். கேட்டால் அது குட்டையாம், ஆடுகள் தண்ணீர் குடிக்கிற இடமாம். அங்கிருந்து ஒற்றையடிப் பாதை, வாய்க்கால், முந்திரிக் கொல்லை, தைலமரக் காடு என்று கை போய்க்கொண்டே இருந்தது. நான் போட்ட ஊர் அந்தப் படத்தின் ஓர் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது.

"வாய்க்கா கெழக்கால்ல திரும்பும்?" என்றார் ஒருவர்.

"அது முந்திங்க மாமா. தைலமரம் போடையில வரப்பு கட்டி அடைச்சுட்டாங்க. இப்பக் குட்டைக்கி மழத் தண்ணி வாரதில்ல. இருக்குறது ஊத்துத் தண்ணிதான். தூரு வாரலன்னா அடுத்த கோடைக்கி அதுவும் இருக்காது" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அந்த அக்கா அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. எனக்கு வரவேண்டியதை எல்லாம் என் கண்ணெதிரிலேயே அவள் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்ததாக, இந்த வருடம் செய்ய வேண்டிய வேலை என்ன என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு படம். குட்டைக்குத் தூர் வாருவது, ஊரணிக்குப் படித்துறை கட்டுவது, தெருவிளக்கு. நான் விடவில்லை. ஆலங்குடி ஹைஸ்கூலுக்குப் போக பஸ் வேண்டும் என்றேன். படத்தையும் நானே போட்டேன்.

"இது பஸ்ஸா, பீரோவா?" என்றார் பெரியப்பா.

என் சித்தி மகள் சிரிக்கவில்லை. இரண்டு கூழாங்கல்லைப் பொறுக்கி வந்து பஸ்ஸுக்குக் கீழே சக்கரமாக வைத்தாள். ஊரறிய என் படத்தைத் திருத்துகிறாள் என்று எனக்குத் தோன்றியது. யாரும் பார்க்காதபோது அந்தக் கற்களைக் காலால் எத்திவிட்டேன்.

பிறகு ஆளுக்கு ஐந்து கொட்டை கொடுத்தார்கள். எது முக்கியமோ அந்த வட்டத்தில் போட வேண்டும். பெரியவர்களுக்குப் புளியங்கொட்டை. பிள்ளைகளுக்கும் உண்டு, ஆனால் தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வேப்பமுத்து. மற்றப் பிள்ளைகளை எல்லாம் அப்பா முன்னமே விரட்டியிருந்ததால், வேப்பமுத்து கிடைத்தது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான். நான் என் ஐந்தையும் பஸ் வட்டத்தில் போட்டுவிட்டு வெடுக்கென்று நகர்ந்துகொண்டேன்.

எல்லாரும் போட்டு முடிப்பதற்குள் உச்சிப் பொழுதாகிவிட்டது. சாப்பாடு எங்கள் வீட்டில். எண்ணுவதைச் சாப்பிட்டுவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் ஆடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

"ஆத்தா, நீ இங்கன இரு. கோழி வந்து கெளறிப்புடாமப் பாத்துக்க. நீதான் பொறுப்பான புள்ள" என்று சொல்லிவிட்டு அப்பாவும் போய்விட்டார்.

பொட்டலில் நான் மட்டும். சுற்றிவந்து பார்த்தேன். குட்டை வட்டத்தில்தான் கொட்டை குவிந்து கிடந்தது. எண்ணாமலே தெரிந்தது, அவள் ஜெயித்துவிட்டாள். இனிமேல் ஊரில் எது நடந்தாலும் அவளைக் கேட்டுத்தான் நடக்கும் என்று நினைத்தேன். குட்டை வட்டத்தருகே குனிந்து ஒரு கை அள்ளினேன். அத்தனையும் புளியங்கொட்டை. என் பஸ்ஸில் போட்டால் சந்தேகம் வரும் என்கிற அளவுக்குப் புத்தி வேலை செய்தது. பக்கத்திலிருந்த ஊரணி வட்டத்தில் கொட்டினேன். போதாது என்று தோன்றி இன்னொரு கையும் அள்ளிப் போட்டேன். கோழி ஒன்றும் வரவில்லை.

சாப்பிட்டு வந்ததும் அந்த அக்கா எல்லார் முன்னாலும் எண்ணினார். "பஸ்ஸுக்குப் புளியங்கொட்டை மூணு, வேப்பமுத்து பத்து" என்று சொல்லி எழுதிக்கொண்டார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. குட்டைக்கு எத்தனை என்பதில்தான் உயிர் இருந்தது. ஊரணி நாலு கொட்டையில் முந்திவிட்டது.

"குட்டைன்னுல்ல நெனச்சேன்" என்றார் பெரியப்பா. "பரவாயில்லைங்க, ஊரா சேந்து எடுத்த முடிவு" என்றார் அந்த அக்கா. ஆடுகளை ஓட்டி வந்து நின்ற என் சித்தி மகள் குட்டை வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு அமிர்தமாக இறங்கியது.

படித்துறையை நன்றாகத்தான் கட்டினார்கள். குட்டையும் அவள் சொன்னது போலத்தான் ஆனது. அடுத்த சித்திரையில் ஊற்று நின்றுவிட்டது. குடிதண்ணீர் எடுக்கிற ஊரணியில் ஆடுகளை இறங்க விடமாட்டார்கள். இரண்டு ஆடு நோவு கண்டு செத்தது, மிச்சத்தை வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரமே சித்தி வந்துவிட்டார். ஏழாம் வகுப்போடு என் சித்தி மகள் திருப்பூருக்குப் போனாள். அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போவதாகச் சொன்னார்கள். சேர்க்கவில்லை.

அவளை பஸ் ஏற்றிவிட நானும் திருவரங்குளம் மெயின் ரோடு வரைக்கும் போயிருந்தேன். "தனியா தைலமரக் காட்டுப் பக்கம் போயிராத, ஒனக்குப் பாத தெரியாது" என்றாள். போகிற நேரத்திலும் இவளுக்கு இந்தப் பெருமை வேண்டியிருக்கிறதா என்று எண்ணிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, அவள் படுத்திருந்த ஜன்னலோரத்துக்கு என் பாயை நகர்த்திப் போட்டேன்.

இப்போது நானும் இந்த வேலையில்தான் இருக்கிறேன். ஊர் ஊராகப் போய்க் கோலமாவைக் கொடுத்து வரையச் சொல்கிறேன். எண்ணி முடிக்கும்வரை சாப்பாட்டுக்கு எழுந்திருக்கமாட்டேன், யாரையும் காவலுக்கு வைக்கமாட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் கறாரான ஆள் என்கிறார்கள். அவள் திருப்பூரிலேயே கல்யாணமாகி, இன்னும் அதே கம்பெனியில் இருக்கிறாள். விசேஷ வீடுகளில் பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹைஸ்கூலுக்கு பஸ் விட்டாங்களா?" என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டு கேட்பாள். அந்த பஸ் வரவே இல்லை, நான் சைக்கிளில்தான் போனேன் என்று நானும் சொல்வேன்.

பஸ் வட்டத்தில் அன்றைக்குக் கிடந்தது பத்து வேப்பமுத்து. வேப்பமுத்து வாங்கியவர்கள் இரண்டே பேர். ஆளுக்கு ஐந்து. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கூட்டல் அப்போது தெரியவில்லை.