அக்கா வாங்கி வந்த கலர்

ஆசிரியர் பயிற்சிக்காகப் பாம்பன் தீவில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தோடு மூன்று மாதம் தங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அந்த வீட்டு அக்கா அதைக் கண்டுகொள்ளாமல், "ஏ புள்ள, வந்து மீன ஆஞ்சு குடு" என்பாள். அதனாலேயே அவளைப் பிடித்துப்போனது.

புயல் அடித்து இரண்டு மாதம் கழித்து, அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போனேன். ஓடு பறந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அக்கா சிரித்தாள். ஆனால் வழக்கம்போல் செம்பில் தண்ணீர் தரவில்லை. கடைக்குப் போய் ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கி வந்தாள்.

"குடிங்க டீச்சர்."

அங்கே கலர் கொடுப்பது சேதம் பார்க்க வரும் அதிகாரிகளுக்குத்தான். என்னையும் அப்படி வந்தவளென்று நினைத்துவிட்டாளா? பேச்சில் 'ங்க' வேறு சேர்ந்திருந்தது.

"எனக்குத் தண்ணி போதும்க்கா" என்று அடுப்படிக்குப் போனேன். பதறிப்போய்க் குறுக்கே வந்தாள். சந்தேகம் இன்னும் கூடியது. அவளைத் தாண்டிக் குடத்தில் மொண்டு குடித்தேன். ஒரே உப்பு.

"கிணத்துல கடல் ஏறிருச்சு. தேடி வந்தவளுக்கு இத எப்பிடிக் குடுக்க?" என்றாள், தலையைக் குனிந்தபடி.

"எங்க திருச்சுழிப் பக்கம் போர் தண்ணி இதவிட உப்பு, நீங்க குடிச்சதில்லக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி மொண்டேன்.

அக்கா செம்பைப் பிடுங்கினாள்.

"வயித்தால போகும், கீழ வை புள்ள."