இறால் மீது போட்ட பழி

வாய் வீங்கிய மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஓடும் ஆட்டோவிலிருந்து மீன்கார அம்மாவுடன் போனில் சண்டை போட்ட ஆள் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன வருடம், ஆடி மாதத்து ஞாயிறு. வீடு திருவொற்றியூரில். காலையில் காசிமேடு மீன் சந்தைக்குப் போய், வாடிக்கையான மீன்கார அம்மாவிடம், “இன்னைக்கு வந்த சரக்கு, பார்த்தாலே தெரியுது” என்று நானே தீர்ப்புச் சொல்லி இறால் வாங்கி வந்தேன். எனக்கு மிச்சமிருக்கும் சில கர்வங்களில் அது ஒன்று.

எட்டு வயது மகளுக்கு லேசான காய்ச்சல். ஆனாலும் இறால் வறுவலை விடவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் அவளுடைய கீழுதடு பணியாரம் போல் உப்பியது. பிறகு ஒரு கண் மூடிக்கொண்டது. அரிப்பில்லை, தடிப்பில்லை. நான் படித்தவன் அல்லவா, இறால் அலர்ஜி என்று உடனே கண்டுபிடித்து, அதைப் பற்றி இணையத்தில் மேலும் படிக்க உட்கார்ந்தேன். “படிச்சது போதும், ஆட்டோவக் கூப்பிடுங்க!” என்று மனைவி கத்திய பிறகுதான் எழுந்தேன்.

சாலையெங்கும் கன்டெய்னர் லாரிகள். மகளின் குரல் கரகரக்கத் தொடங்கியது. பயத்தில் யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. மீன்கார அம்மாவைப் பிடித்தேன். அவர் நிதானமாக, “புள்ளைக்கு வாயி வீங்கிக் கீதுன்ற, என்னாண்ட இன்னா பேச்சு? போன வெச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு சார்!” என்றார்.

ஆஸ்பத்திரியில், மகளின் கரகரத்த குரலைக் கேட்டதுமே டாக்டரம்மா அவள் தொடையில் ஊசி போட்டுவிட்டார். அட்ரினலின். கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

“இதுக்கு முன்னாடி இறால் சாப்பிட்டிருக்காளா?”

“வாராவாரம்.”

“அப்போ வேற என்ன குடுத்தீங்க? மருந்து ஏதாவது?”

“ஒண்ணுமில்லை” என்றேன் உறுதியாக.

“சிரப் குடுத்தீங்களே” என்றாள் மனைவி.

“அது காய்ச்சலுக்குத்தானே!”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வழக்கமான காய்ச்சல் மருந்து தீர்ந்திருந்தது. மூத்த மகனின் கால் சுளுக்குக்கு வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் மிஞ்சியிருந்த வலி சிரப்பின் லேபிளில், ‘காய்ச்சலுக்கும்’ என்று படித்துவிட்டு, சாப்பாடு முடிந்ததும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

வீக்கம் வடியும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். எனக்கோ கேள்வி மேல் கேள்வி. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இதற்குப் பெயர் ஆஞ்சியோஎடீமா. நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து தோலுக்கு அடியில் சேரும் வீக்கம். குழந்தைகளுக்கு உணவால் வரும், பூச்சிக்கடியால் வரும், மருந்தால் வரும், வெறும் கிருமித் தொற்றாலும் வரும். அபூர்வமாகப் பரம்பரையாக வரும் வகைக்கு அலர்ஜி மருந்துகள் கேட்காது, அதற்குச் சிகிச்சையே வேறு. உதட்டோடு நின்றால் அலர்ஜி மருந்தும் கண்காணிப்பும். தொண்டையைத் தொட்டால் தாமதிக்காமல் இந்த ஊசி. நான் படிக்க உட்கார்ந்த நிமிடங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

பிறகு அலர்ஜி நிபுணரிடம் சோதித்தோம். இறால் நிரபராதி, குற்றவாளி சிரப்தான். அந்த மருந்தின் பெயர் எழுதிய அட்டை இப்போது மகளின் பள்ளிப் பையில் இருக்கிறது. வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும், ஊரைச் சந்தேகிக்கும் முன் நான் எதைக் கொடுத்தேன் என்று யோசிக்கும் பழக்கம் அன்று வந்ததுதான்.

சோதனை முடிவு வந்த ஞாயிறே மீன்கார அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“அத்த உடு சார், புள்ள நல்லா கீதில்ல?” என்றவர், தராசைத் துடைத்தபடியே சொன்னார்: “அன்னிக்கு ‘இன்னைக்கு வந்த சரக்கு’ன்னு அள்ளிகினு போனியே, அது ரெண்டு நாளா ஐஸ்ல கெடந்தது. நீ சந்தோசமா கீறியேன்னு நான் வாய மூடிகினு இருந்தேன்.”