வாசலில் மட்டும் முதலிடம்

சைக்கிள் பந்தய வட்டாரத்தில் அவனுக்குக் குடம் என்று பெயர். பெற்றவர் வைத்த பெயர் அணிக்காரர்களுக்கே மறந்துவிட்டது. பின்னால் வரும் அணியின் காரிடம் போய், தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, மூச்சிரைக்க முன்னேறி வந்து தலைவனுக்கும் மற்றவர்களுக்கும் கொடுப்பதுதான் வேலை. வயிறு புடைத்து நிற்கும்.

“குடம், எத்தனாவது மாசம்டா?”

“ரெட்டைப் பிள்ளைடா. ஒண்ணு உனக்குத்தான், பிடி.”

சிரிப்பார்கள். பாட்டில் கைமாறியதும் அவனை மறந்துவிடுவார்கள். வருடம் முழுக்க ஓட்டல் அறை, பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒருவரின் குறட்டை. ஜெயித்ததே இல்லை. வயரிங் வேலை பார்த்து ஓய்ந்துவிட்ட அப்பா போனில் ஒன்றுதான் கேட்பார்.

“முதல்ல வந்தியா?”

“இல்லப்பா.”

“சரி, வச்சிடறேன்.”

இந்த சீசனோடு போதும் என்று அணி சொல்லிவிட்டது. அவனுடைய கடைசிப் பந்தயம் பல நாள் ஓட்டம். அதில் ஒரு நாள் பாதை அவன் தெரு வழியாகவே போனது. இந்த விளையாட்டில் ஒரு மரியாதை உண்டு. சொந்த ஊர்க்காரனை அவன் வீடு வரை முன்னால் போகவிடுவார்கள். அப்பா ஒரு தடவையாவது தன்னை முதல் ஆளாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. வாசலில் நிற்கும்படி போனில் சொன்னான். “பார்க்கலாம்” என்றார்.

தெருமுனையில் தலைவன் கையசைத்தான். “போடா குடம், இன்னிக்கு நீதான் ராஜா!”

தனியாகப் பாய்ந்தான். வாசலில் இறங்கினான். கதவில் பூட்டு.

எதிர்க்கடைத் தையல்காரர் ஓடிவந்தார். “அப்பா காலையிலயே போயிட்டாரேப்பா, பந்தயம் முடியற இடத்துக்கு. ‘என் பையனை அங்கதான பார்க்கணும்’னாரு.”

பின்னால் வந்த பந்தயக் கூட்டம் விர்ரென்று கடந்தது. ஏறி மிதித்து, நுரை தள்ள எட்டிப் பிடித்தான்.

“அப்பா என்னடா சொன்னாரு?” என்றான் தலைவன்.

“வெயில்ல பார்த்துப் போன்னாரு.”

“சரி, தண்ணி கொண்டா.”

தண்ணீர் சுமந்தே பின்தங்கி, அவன் முடிவுக் கோட்டைத் தொட்டபோது பரிசளிப்பு முடிந்து, தடுப்புக் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றாத ஒரு கம்பியைப் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார்.

“எங்கடா இருந்தே? முன்னாடி வர்றவங்களையே பார்த்துக்கிட்டு நின்னேன்.”

“முன்னாடிதாம்ப்பா வந்தேன். நம்ம வாசல்ல.”

அப்பா சட்டைப்பையைத் துழாவி வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். அதற்குள், மறுநாள் ஓட்டத்துக்காக அடுத்த ஊருக்குக் கிளம்பும் அணியின் பஸ் ஹாரன் அடித்தது.