கொட்டச்சேடு போனால் நாலு ஜி.பி.

பாதியைக் காணோம்

"ஏனுங்க அக்கா, எட்டுன்னு சொல்லித்தானுங்க குடுத்தீங்க? ஊட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டா நாலுதானுங்க காட்டுது! பாதியை நீங்களே எடுத்து வெச்சுக்கிட்டீங்களா?"

ஏற்காடு கடைவீதியில் பாதிப் பேர் காதில் விழும்படி சடையப்பன் கத்தியபோது, நான் மாடியில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு கடைக்கு இறங்கி வந்தேன். கம்ப்யூட்டருக்கு ராம் விற்கிறவர்களுக்கும் ஜாக்கெட் தைக்கிறவர்களுக்கும் ஒரே தலைவிதிதான். சரியாக இருந்தால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சரியில்லை என்றால் தெருவே கூடும்.

புருஷன் தொழிலுக்கும் சேர்த்து வாக்கப்பட்ட சகோதரிகளே, மருந்துக் கடையோ சிமெண்டுக் கடையோ, நீங்கள் எதில் உட்கார்ந்திருந்தாலும் என் பாடு உங்களுக்குப் புரியும். எங்க ஊட்டுக்காரர் சரக்கெடுக்கச் சேலம் இறங்கும் நாளெல்லாம் கல்லாவில் நான். 'கான்வென்ட்டில் படித்தவள், பெட்டி மேல் இருக்கிற இங்கிலீஷைப் படித்துச் சொல்லட்டும்' என்று ஆரம்பித்தது, இன்று ராமைக் கழற்றி மாட்டுவதுவரை வந்து நிற்கிறது. ராம் என்றால் ஒரு சாண்கூட இல்லாத பச்சைப் பட்டை. கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் எத்தனை வேலையைத் தாங்கும் என்பது அதன் அளவைப் பொறுத்தது.

"கத்தாதீங்க, உக்காருங்க. திருட்டுப் பட்டம் அப்புறம் குடுக்கலாம், முதல்ல பெட்டியைத் திறக்கறேன்" என்றேன். சடையப்பன் உடனே அடங்கிவிட்டார். மலைக்குள் தள்ளி இருக்கிற கொட்டச்சேட்டுக் கிராமத்தில் கொஞ்சம் காபியும் சாமையும் போடுகிற மனிதர். "நான் என்னத்தைக் கண்டனுங்க அக்கா, மண்ணைக் கொத்தறவன். மிசினு காட்டறதைச் சொல்றேன்."

அளவு ஜாக்கெட்

அந்த எட்டு எப்படி எட்டானது என்று சொல்ல வேண்டும். மெஷின் அவர் மகள் பரமேஸ்வரியுடையது. பி.காம். முடித்த பெண். கோயமுத்தூர் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை, முதலில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் கம்ப்யூட்டரில் எட்டு ஜி.பி. ராம் இருந்தே ஆகவேண்டும். குறித்த திங்கட்கிழமை காலையில் அவர்கள் அனுப்பிய சாஃப்ட்வேர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, எட்டு இருந்தால்தான் வேலைக்கான ஆன்லைன் தேர்வைத் திறந்துவிடும். இவளிடம் இருந்ததோ ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட பழைய மெஷின். உள்ளே நாலு.

'ராம் ஒண்ணு அனுப்புங்க' என்று போனில் சொன்னால் சேலத்துக்காரர்கள் கைக்கு அகப்பட்டதை அனுப்புவார்கள். டி.டி.ஆர். த்ரீ ரகம் கேட்கிற போர்டுக்கு டி.டி.ஆர். ஃபோர் வரும். நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும், நுழையாது. லேப்டாப் ராம் வரும், பாதி நீளம்தான் இருக்கும். அதனால் நாங்கள் பழைய ராமைக் கழற்றி, பேப்பரில் சுற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துச் சேலத்துக்கு அனுப்புவோம். டெய்லருக்கு அளவு ஜாக்கெட் கொடுக்கிற மாதிரி. அன்று அளவு பார்த்தே வந்த ராம் அழகாக உட்கார்ந்தது. திரைதான் கருப்பாகவே நின்றது. குறிப்பிட்ட ஒரு வகை பிராசஸர் இருக்கிற போர்டில் மட்டும் ஓடுகிற மலிவுச் சரக்கு என்று எங்க ஊட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பரமேஸ்வரி, "நுழைஞ்சா போதாதுங்களா அக்கா?" என்று கேட்டாள். "நுழையறதெல்லாம் ஒத்துப்போயிருமா கண்ணு? எனக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு, இவரைக் கேளு" என்றேன். அவர் கேட்காத மாதிரி ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தார்.

அடுத்த பஸ்ஸில் சரியானது வந்தது. அதே வேகம், அதே வோல்டேஜ். பழைய நாலோடு புது நாலு. திரையில் எட்டு வந்ததும் அந்தப் பெண் போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டாள். ஜீப்பில் ஏறும்போது என்னிடம் சொன்னாள்: "எங்கப்பாரு வாக்குக் குடுத்திருக்காருங்க அக்கா. மிசினு ரெடியாச்சுன்னா வேலைக்குப் போயிக்க சாமின்னு."

பனியும் ஜீப்பும்

சமவெளிக் கடைக்காரர்களுக்கு இல்லாத இரண்டு எதிரிகள் எங்களுக்கு உண்டு. ஒன்று பனி. ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் நேராக மெஷினுக்குள் போய் உட்காரும். ராமின் தங்க நிற முனைகள் மங்கிப்போகும், பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தும். பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும். ஏரிப் பக்கத்து லாட்ஜ் மேனேஜர் மழைக்காலம் தவறாமல் வந்து, "அந்த ரப்பர் வைத்தியம் பண்ணுங்கம்மா" என்று கை கட்டி நிற்பார். இரண்டாவது எதிரி ஜீப். எஸ்டேட் ரோட்டுக் குழியில் குலுங்கி வந்தால் மனுஷர் எலும்பே இடம் மாறும், ராம் மாறாதா?

ஆகவே சடையப்பனின் பெட்டியைத் திறந்து, புது ராம் மேலே எழும்பி நிற்பதைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை. "ஜீப் ஆட்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இந்த மலையில் பத்துக்கு எட்டு தடவை அதுதான். மெஷின்மேல் பனி படக்கூடாது, மடியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு பிரசங்கமும் வைத்தேன். இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்'கென்று உட்காரும், இரு பக்கக் கிளிப்பும் தானாக மூடிக்கொள்ளும் என்று காட்டினேன். அவர் குனிந்து, கண் இமைக்காமல் பார்த்தார். காபிச் செடிக்குக் கவாத்து செய்கிற கை, ஒரு தடவை பார்த்தால் போதும்.

"ஆட்டந்தானுங்களா? அப்ப அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்களே?" என்று கேட்டார். கவலைப்படுகிறார் என்று நினைத்தேன்.

கம்பளியில் வந்த பெட்டி

அந்த வாரமே திரும்ப வந்தார். மெஷினைக் கம்பளியில் சுற்றி, என் உத்தரவுப்படி முன் சீட்டில் மடியில் வைத்து. மறுபடி நாலு. மறுபடி ராம் எழும்பி நின்றது. ரப்பரால் தேய்த்தேன், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன், மத்தியானம் முழுக்கப் பரிசோதனை ஓடவிட்டேன். ஒரு பிழை இல்லை. சேலத்திலிருந்து வந்து இறங்கிய எங்க ஊட்டுக்காரரிடம், "நீங்க எடுத்த சரக்கு லட்சணம்" என்று ஆரம்பித்தவள் ராத்திரிச் சோறு போடும்வரை நிறுத்தவில்லை. அவர் பாவம், ராமையே மாற்றித் தருகிறேன் என்று இன்னொன்றை எடுத்துப் போட்டார்.

ஜீப் டிரைவருக்குத்தான் என்மேல் கோபம். "என்ன அக்கா சொல்லி அனுப்புனீங்க? வண்டி முழுக்க ஆள் இருக்க, புள்ளைத்தாச்சியை ஏத்திட்டு வர்ற மாதிரி ஓட்டச் சொல்றாருங்க!"

கிளிப்

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை மூன்றாம் தடவை வந்தார். அன்று எங்க ஊட்டுக்காரர் கடையில் இருந்தார். அந்தப் பழைய மெஷினுக்கு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், பக்கத்துக் கொக்கியை இழுத்தால் அலமாரி மாதிரி திறந்துகொள்ளும். திறந்தார். உள்ளே கை வைக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"ஜரினா, இங்க பாரு. ரெண்டு கிளிப்பும் நல்லா விரிஞ்சிருக்கு. ஜீப் எவ்வளவு குலுக்கினாலும் நல்லா மூடின கிளிப் இப்படி முழுசாத் திறக்காது. விரல் வெச்சு அமுக்கினாத்தான் திறக்கும்."

நான் சடையப்பனைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க திறந்தது?"

"நான்தானுங்க."

அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "மூணு தடவை என் பொழைப்பைக் கெடுத்து, தெருவுல என்னைத் திருடின்னு..." என்று தொடங்கியும் விட்டேன். அவர் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"பெரியவளை மில்லு வேலைக்கு அனுப்புனேனுங்க. நல்ல எடம், பத்திரமாப் பாத்துக்குவோம்னாங்க. ஆஸ்பத்திரி வண்டியில கொண்டாந்து எறக்கிட்டுப் போனாங்க. சூடு ஆறுன கையைத்தானுங்க புடிச்சேன். இவ ஊட்டுலேயே வேலைன்னுதான் சொன்னா, சரின்னுட்டேன். அப்பறம் சொல்றா, மூணு மாசம் போனா கோயமுத்தூருக்கே போவோணுமாம்."

"அதை அவகிட்டயே சொல்றதுக்கென்ன? படிச்ச பொண்ணு, புரிஞ்சுக்க மாட்டாளா?"

"படிச்ச பொண்ணுங்க. ஏன்னு கேப்பா. அக்கா செத்தா நானும் சாவனான்னு கேப்பா. அதுக்கு என்னங்க சொல்லுவேன்?"

சடையப்பன் எழுந்து கம்பளியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார். "திங்கக்கெழமை தாண்டட்டுங்க. அதுவரைக்கும் மிசினு இங்கயே கெடக்கட்டும். நான் முடியாதுன்னா அழுவா. மிசினு முடியாதுன்னா கேட்டுக்குவாங்க."

ஞாயிற்றுக்கிழமை போன்

அவர் போனதும் எங்க ஊட்டுக்காரர் ராமை அழுத்தினார். டக். மெஷினைப் போட்டார். எட்டு. மேசைமேல் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு, எங்கள் இருவரையும் பார்த்து எட்டு எட்டு என்று காட்டிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு கடைவீதியில் டூரிஸ்ட் கூட்டம். பரமேஸ்வரி போன் பண்ணினாள், எடுத்தது எங்க ஊட்டுக்காரர். "இன்னும் ஆகலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் போனைப் பிடுங்கித் திரும்ப அடித்தேன். கிடைக்கவில்லை. கொட்டச்சேட்டில் நெட் கம்ப்யூட்டருக்கு வரும் கேபிளில்தான், போனுக்கு அவள் வீட்டுக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால்தான் டவர் கிடைக்கும், பேசிவிட்டு இறங்கிவிட்டாள். சாயங்காலம்வரை அடித்துப் பார்த்தேன். பிறகு அவர் பக்கம் திரும்பினேன்.

"வாழ்நாள்ல ஒரு ராமை நல்ல ராம்னு பொய் சொல்லி வித்ததில்லைன்னு பீத்திக்குவீங்களே. நல்ல மிசினைக் கெட்டதுன்னு சொல்ல மட்டும் எப்படி வாய் வந்துச்சு?"

அவர் கல்லாவைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "அடுத்தவங்க ஊட்டுக்குள்ள போயி நான் எந்தக் கிளிப்பை மூடறது, ஜரினா?"

முதல் ஜீப்

நான் விடவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். முதல் வண்டியில் போட்டால் தேர்வுக்கு முன்னால் போய்விடும். இந்த மூட்டு வலியோடு அதைத் தூக்கிப் போனேன் என்று நீங்களாவது நம்புங்கள். டிரைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பனியில் அவன் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"ஏத்த முடியாதுங்க அக்கா. அவரு நேத்தே வந்து சொல்லிட்டுப் போனாரு. அவரு மவளோட மிசினு, நான் கொண்டுபோய் எறக்குனா எங்கூர்க்காரங்க யாரும் என் வண்டியில ஒரு காபி மூட்டை ஏத்த மாட்டாங்க."

அதற்கப்புறம்

தேர்வு முடிந்த மறுநாள் மத்தியானம் எங்கள் கடை நம்பருக்குப் பரமேஸ்வரியின் குரல் வந்தது. பாறை ஏறி வந்த மூச்சு வாங்கலோடு பதிவு செய்து அனுப்பியிருந்தாள். நாங்கள் இருவரும் நின்றபடியே கேட்டோம்.

"அக்கா, நான் பரமுங்க. டெஸ்ட்டு போயிருச்சுங்க. பரவால்லீங்க, உங்க மேலயும் தப்பில்லை, நீங்களும் நொம்ப சிரமப்பட்டீங்க. வேற ஏதாச்சும் வந்தா பாத்துக்கறேன். எங்கப்பாருதானுங்க நேத்திலிருந்து சோறே திங்கலை. எம் மூஞ்சியையே பாக்க மாட்டேங்கறாரு. ஜீப்புல தான் சரியாப் புடிக்காமத்தான் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காரு போல. அவரு மேல ஒரு தப்பும் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை அவருகிட்ட சொல்லிருங்க அக்கா. நீங்க சொன்னாக் கேட்டுக்குவாருங்க."

எந்த போர்டுக்கு எந்த ராம் என்று கேளுங்கள் சகோதரிகளே, தூக்கத்தில்கூடச் சொல்லுவேன், ஆனால் இந்தப் பெண் கேட்டதற்கு இன்றுவரை நானும் பதில் சொல்லவில்லை, எங்க ஊட்டுக்காரரும் சொல்லவில்லை.